கூடப் போகிறவருக்கு: கொழும்பில் வன்முறைக்கு ஆளானவருடன் எந்தக் கதவை எப்போது தட்டுவது

வீட்டில் அடிபட்ட பெண் முதலில் போவது பெரும்பாலும் பொலிஸுக்கு இல்லை. அக்கா வீட்டுக்கோ, பக்கத்து ஃபிளாட்டுக்கோ, கூட வேலை செய்யும் தோழியிடமோதான் போகிறார். இந்தக் குறிப்பு அந்த அக்காவுக்கும் தோழிக்கும் எழுதப்பட்டது. கொழும்பில் உதவிச் சேவைகள் இருக்கின்றன, பல இலவசமாகவே. ஆனால் ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும்தான் செய்யும். வைத்தியசாலை உடம்பைப் பார்க்கும், பொலிஸ் முறைப்பாட்டை எழுதும், நீதவான் கட்டளை பிறப்பிப்பார், பாதுகாப்பு இல்லம் படுக்க இடம் தரும். ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குப் போகும் வழியில்தான் பலர் களைத்துப்போய் வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த இடைவழியில் கூட நடக்க ஓர் ஆள் இருந்தால் நிறைய மாறும்.

இது எங்கோ நடக்கும் விஷயமும் இல்லை. குடிசன மதிப்பீடு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின்படி, கணவரோ துணைவரோ உள்ள, அல்லது முன்பு இருந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒருமுறையாவது அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர். உங்கள் தொடர்மாடியில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் இலக்கங்கள். காகிதத்தில் எழுதி வையுங்கள். போனைப் பறித்தாலும் உடைத்தாலும் காகிதம் மிஞ்சும்.

119: பொலிஸ் அவசர அழைப்பு.
1990: சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம்.
1938: பெண்களுக்கான தேசிய உதவி இலக்கம்.
109: பொலிஸின் சிறுவர், மகளிர் துஷ்பிரயோகத் தடுப்புப் பணியகம்.
1929: சிறுவர்களுக்கான உதவி இலக்கம்.
1926: தேசிய மனநல நிறுவகம்.
077 567 6555: விமன் இன் நீட். 1987 முதல் இயங்கும் அமைப்பு. உளவளத்துணை, சட்ட ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் மூன்றுக்கும் இங்கே கேட்கலாம்.

எடுப்பவர் சிங்களத்தில் பேசினால் போனை வைத்துவிடாதீர்கள். “தெமள கதா கரன கெனெக்ட தென்ன” என்று சொன்னால் போதும், தமிழ் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று விளங்கும். உடனே ஆள் இல்லையென்றால் திரும்ப எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் பாதிக்கப்பட்டவருடைய போனுக்கு எடுப்பது ஆபத்தாக இருக்கலாம், ஆகவே உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள்.

அவர் வாய் திறக்கும் நேரம்

முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் மேலே பேசுவதா, மூடிக்கொள்வதா என்று முடிவெடுப்பார். “நீங்க சொல்றத நான் நம்புறன். இதுல உங்கட பிழை ஒண்டும் இல்ல. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” இந்த மூன்றும் போதும். “ஏன் இவ்வளவு காலம் பொறுத்தீங்க”, “நீங்க என்ன சொன்னதால அடிச்சவர்”, “பிள்ளையளப் பாருங்க” என்று தொடங்கினால் அவர் அதைக் குற்றச்சாட்டாகவே கேட்பார். கல்லானாலும் கணவன் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தப் பாட்டை உங்கள் வாயிலிருந்தும் கேட்கத் தேவையில்லை.

கதை முழுவதையும் துருவிக் கேட்காதீர்கள். அதே கதையை அவர் வைத்தியரிடம், பொலிஸில், சட்டத்தரணியிடம், நீதிமன்றத்தில் என்று நாலு இடத்தில் சொல்லவேண்டி வரும். உங்களுக்குத் தெரியவேண்டியது மூன்றே விஷயம். இப்போது உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, காயம் இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே. கணவரை அழைத்துப் பேசி ஒத்துவைக்கும் வேலையில் ஒருபோதும் இறங்காதீர்கள். அவர் வெளியே சொல்லிவிட்டார் என்று கணவருக்குத் தெரிந்த பிறகுதான் அடி கூடும்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றிரவு அவர் அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பது நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்: கணவர் கழுத்தை நெரித்திருக்கிறார், கொல்வேன் என்று சொல்லியிருக்கிறார், கத்தியோ வேறு ஆயுதமோ காட்டியிருக்கிறார், கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கிறார், பின்தொடர்கிறார், நீ போனால் நான் சாவேன் என்று மிரட்டுகிறார், அல்லது அந்தப் பெண் பிரிந்துபோக முடிவெடுத்தது கணவருக்குத் தெரிந்துவிட்டது. பிரியும் காலம்தான் மிகவும் ஆபத்தான காலம். பிரிந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது பெரிய பிழை.

உடம்பு முதலில்: வைத்தியசாலை

கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் அடையாளமே இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குரல் கரகரப்பு, விழுங்க முடியாமை, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், தலைச்சுற்று, சிறுநீர் தன்னறியாமல் போனது, நினைவு தவறியது எல்லாம் அபாய அறிகுறிகள். கழுத்துக்குள் வீக்கமும் இரத்தக்குழாய்ச் சேதமும் மணிக்கணக்கில், சிலவேளை நாள் கழித்தும் மோசமாகலாம். வைத்தியரிடம் “அடிச்சவர்” என்று பொதுவாகச் சொல்லாமல் “கழுத்தை நெரிச்சவர்” என்றே சொல்லவேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால், அவருடைய அனுமதியோடு நீங்கள் சொல்லுங்கள்.

பாலியல் வன்முறை என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. 72 மணி நேரம் என்பதை மனதில் வையுங்கள். அதற்குள் மூன்று காரியம் ஆகவேண்டும்.

முதலாவது, கர்ப்பத் தடுப்பு. அவசர கர்ப்பத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது. லெவனோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் ஒரு மாத்திரை, 0.75 மில்லிகிராம் இரண்டாக இருந்தால் இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம். விழுங்கி 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்ப எடுக்கவேண்டும். போஸ்டினோர் என்ற பெயரில் பாமசிகளில் கிடைக்கிறது. 72 மணி கடந்து 5 நாளுக்குள் என்றால், கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் பொருத்த முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பு சட்டவிரோதம். வல்லுறவால் உண்டான கர்ப்பத்துக்கும் விலக்கு இல்லை. அதனால்தான் இந்த மாத்திரையை நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளவே கூடாது.

இரண்டாவது, எச்.ஐ.வி தடுப்பு மருந்து. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்கவேண்டும். பத்து நாளில் வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் அதற்கும் மருந்து தருவார்கள். கொழும்பு 10, டீ சேரம் பிளேஸில் இருக்கும் பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக்கில் இதுபற்றிக் கேட்கலாம். ஹெபடைட்டிஸ் பி, ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி), மற்றப் பாலியல் தொற்றுகள் பற்றியும் அதே நேரத்தில் கேளுங்கள். இன்றைய இரத்தப் பரிசோதனை இன்றைய தொற்றைக் காட்டாது. திரும்ப வரச்சொல்லும் திகதியை எழுதி வையுங்கள்.

மூன்றாவது, தடயம். குளிக்காமல், கழுவாமல், பல் துலக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. ஆனால் குளித்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் விடாதீர்கள், அதன் பிறகும் தடயம் கிடைப்பது உண்டு. மாற்றிய உடைகளைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துத் தடயம் கெட்டுப்போகும். கடையில் தரும் சொப்பிங் பை வேண்டவே வேண்டாம். காகிதப் பை இல்லாவிட்டால் பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள்.

தடயத்துக்கான பரிசோதனையைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. சிகிச்சை தருபவர் வேறு, இவர் வேறு. இவருடைய அறிக்கைதான் நீதிமன்றத்துக்குப் போகும். வழமையாகப் பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு பார்ப்பார். நேரே வைத்தியசாலைக்குப் போனால் அங்குள்ள பொலிஸ் காவலரண் அந்தப் படிவத்தைத் தரும். ஆகவே முதலில் பொலிஸ், பிறகுதான் வைத்தியசாலை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. சிகிச்சை முறைப்பாட்டுக்காகக் காத்திருக்காது. பரிசோதனையின் ஒவ்வொரு படிக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். இதைச் செய்யலாம், அது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. காயம் இல்லையே என்று அவர் கூச்சப்பட்டால் ஒன்றைச் சொல்லுங்கள்: தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, சம்மதம் இல்லை என்று நிரூபிக்க எதிர்த்துப் போராடிய காயம் அவசியமில்லை என்று விளக்கமாகவே சொல்கிறது.

அடிகாயங்களை நீங்களும் படம் எடுங்கள். முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒன்று, காயத்துக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிட்ட ஒன்று. கன்றிப்போன அடையாளம் அன்றைக்கு மங்கலாக இருந்து இரண்டு மூன்று நாளில் தெளிவாகும், ஆகவே மூன்றாம் நாளும் எடுங்கள். படங்கள் அவருடைய போனில் இருக்கக்கூடாது.

அரசாங்க வைத்தியசாலைகளில் “நட்பு நிலையம்” என்ற பெயர்ப்பலகையைத் தேடுங்கள். சிங்களத்தில் மிதுரு பியச. சுகாதார அமைச்சின் கீழ் வன்முறைக்கு ஆளானவர்களுக்காகவே நடத்தப்படும் பிரிவு இது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் தனியறையில் கேட்பார், ஆபத்தை மதிப்பிடுவார், வைத்தியருக்கோ சட்ட உதவிக்கோ தங்குமிடத்துக்கோ அனுப்புவார். பொலிஸுக்குப் போகத் துணிவு வராதவருக்கு முதல் கதவாக நாங்கள் சொல்வது இதைத்தான். கிளினிக் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கர்ப்பிணி என்றால் வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். கணவர் முன்னிலையில் கேட்கவேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பொலிஸில் என்ட்ரி (முறைப்பாடு) போடும்போது

பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. அங்கே போய்ப் பெண் உத்தியோகத்தரிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். இரவானால் அந்தப் பிரிவில் ஆள் இல்லாமல் இருக்கலாம். காலையில் வாங்கோ என்றால், அன்றைக்கே பதிவாகவேண்டிய ஆபத்து இருக்கும்போது திரும்பிப் போகாமல் நிலையப் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள், அல்லது அங்கிருந்தே 109க்கு எடுங்கள்.

கொழும்பில் தமிழருக்கு முறைப்பாடு சறுக்கும் இடம் மொழி. அவர் தமிழில் சொல்வார், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுவார், விளங்காத தாளில் அவர் கையெழுத்து வைப்பார். “கழுத்தை நெரிச்சு, கத்தியக் காட்டி, பிள்ளையையும் கொல்லுவன் எண்டவர்” என்பது அந்தத் தாளில் “கணவன் மனைவி வாய்த்தர்க்கம், தாக்குதல்” என்று சுருங்கினால், பிறகு நீதிமன்றத்தில் அவர் சொல்லும் உண்மையே புதிதாகச் சேர்த்த பொய் போலத் தெரியும். அரச அலுவலகங்களில் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. ஆகவே தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடியவே முடியாது என்றால், எழுதியதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காமல் இருங்கள். உங்களுக்குச் சிங்களம் தெரிந்தால் நீங்களே வாசித்துப் பாருங்கள். பார்க்கவேண்டியவை: திகதியும் நேரமும், கையாலா பொருளாலா, எந்த உறுப்பில், கணவர் சொன்ன மிரட்டல் அதே சொற்களில், பார்த்தவர் யார், இதற்கு முன் நடந்தவை. பிழை இருந்தால் திருத்தச் சொல்வது அவருடைய உரிமை. முடிந்ததும் முறைப்பாட்டு இலக்கம், திகதி, உத்தியோகத்தரின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் சான்றுபடுத்திய பிரதி எடுக்க அந்த இலக்கம் வேண்டும்.

இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, “இனி அடிக்கமாட்டன்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தாள் நீதிமன்றக் கட்டளை இல்லை. அதை மீறினால் அந்த மீறலுக்கென்று தண்டனையும் இல்லை. சிறு காயம் என்று பதிந்து இணக்கசபைக்கு அனுப்புவதும் நடக்கும். காணிச் சண்டைக்கும் கடன் தகராறுக்கும் இணக்கசபை நல்ல இடம்தான். ஒருவர் மற்றவருக்குப் பயந்து நடுங்கும்போது அங்கே வரும் இணக்கம் பயத்தின் இணக்கமாகவே இருக்கும். அவர் விரும்பாவிட்டால், பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். முறைப்பாட்டையே எடுக்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கும் சொல்லலாம்.

நடந்து மாதங்கள் ஆகிவிட்டன என்பதற்காக முறைப்பாடு செல்லாமல் போய்விடாது. ஏன் தாமதம் என்று கேட்பார்கள். பயம், பிள்ளைகள், போக இடம் இல்லை என்று உள்ளதைச் சொன்னால் போதும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரத்தைப் பிரசுரிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு தடுக்கிறது. பெயர் பேப்பரில் வந்துவிடுமோ என்ற பயமே பலரை வீட்டோடு கட்டிப்போடுவதால், இதை முதல் நாளே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்புக் கட்டளை

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பலர் நினைப்பதைவிடக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கணவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு இல்லை இது. அவரைத் தள்ளி நிற்கவைக்கும் கட்டளை. “ஜெயிலுக்குப் போடவேணாம், அடி நிண்டால் போதும்” என்று சொல்லும் பெண்களுக்குப் பொருத்தமானது இதுதான். விவாகரத்துக் கேட்கத் தேவையில்லை. மதம், இனம் பார்க்காது. முஸ்லிம் பெண்களுக்கும் உண்டு. ஆண்களும் விண்ணப்பிக்கலாம். கணவர், முன்னாள் கணவர், சேர்ந்து வாழும் துணைவர் மட்டுமன்றி அப்பா, அம்மா, சகோதரர், மாமா, மருமகன், மச்சான் முறையினர் வரை எதிராளியாகலாம். சேர்ந்து வாழாத காதலன் இதற்குள் வரமாட்டார். வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் எசமானும் வரமாட்டார். மலையகத்திலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் தங்கி வேலைசெய்யும் பெண்பிள்ளைகளுக்கு அடி விழுந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் நேரடி முறைப்பாடுதான் வழி. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1929.

விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்தில். அவர் வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், எதிராளி வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் எதுவாக இருந்தாலும் அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில் கொடுக்கலாம். அதாவது கொட்டாஞ்சேனையில் அடிபட்டுத் தெஹிவளையில் தங்கை வீட்டில் ஒதுங்கியிருந்தால், தெஹிவளைக்குரிய நீதிமன்றத்திலும் கொடுக்கலாம். அவரே கொடுக்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் பற்றிக் கேட்பார்கள். அது குடும்பத்தின் வருமானமா, அவருடைய கையில் வரும் காசா என்று தெளிவுபடுத்துங்கள். கணவரின் சம்பளத்தைச் சொல்லித் தகுதியிழக்கக்கூடாது.

விண்ணப்பத்தோடு, கண்டவர்கள் சத்தியக் கடதாசி கொடுக்கலாம். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், காயத்தைப் பார்த்த தோழி. அங்கேதான் உங்களுடைய பெயரும் வரக்கூடும், தயாராக இருங்கள். உடனடி ஆபத்து என்று நீதவானுக்குத் திருப்தி ஏற்பட்டால், எதிராளியைக் கேட்கமுன்னரே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம். விசாரணைத் திகதி 14 நாளுக்குள் குறிக்கப்படவேண்டும். பின்னர் வரும் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம். மீறினால் 10,000 ரூபா வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் எழுதும் விதத்தில். “ஒவ்வொரு நாளும் சித்திரவதை” என்று எழுதினால் நீதவானுக்குப் பிடிக்க ஒரு கொழுக்கி இல்லை. மூன்று சம்பவம் எழுதுங்கள்: முதலாவது, மிக மோசமானது, கடைசி. திகதி நினைவில்லை என்றால் “மகனின் பிறந்தநாளுக்கு அடுத்த கிழமை”, “தைப்பொங்கலுக்கு முதல் நாள்” என்று பிடித்துத் திகதியைக் கண்டுபிடிக்கலாம். மனவன்முறை என்றால் ஒரு நாள் ஏச்சு போதாது. கொடூரமாக, கேவலப்படுத்தும் விதமாகத் தொடர்ந்து நடந்ததைக் காட்டவேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை இலக்கமும் திகதியும் தெரியப் படம்பிடித்து அச்செடுங்கள். குரல் செய்திகளை அழியாமல் வேறொரு இடத்தில் சேமியுங்கள்.

என்ன கட்டளை வேண்டும் என்பதையும் கேட்டு வாங்கவேண்டும், தானாக வராது. வீட்டுக்கு வராதே, வேலைத்தலத்துக்கு வராதே, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வராதே, போன் பண்ணாதே, பின்தொடராதே, உதவி செய்பவர்களைத் தொந்தரவு செய்யாதே, இருக்கும் வீட்டை விற்காதே என்று சட்டத்தில் பல தடைகள் இருக்கின்றன. அவசரச் செலவுக்குப் பணம், தங்குமிடம், பொலிஸ் துணையோடு போய் வீட்டிலுள்ள சொந்தப் பொருட்களை எடுத்துவரும் அனுமதி ஆகியவையும் கேட்கலாம். “அடிக்கக்கூடாது” என்று மட்டும் கேட்டு வந்தவர்கள் அடுத்த நாளே அலுவலக வாசலில் அவரைக் காண்கிறார்கள்.

நீதிமன்றத்தில் அவர் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பு கேட்டுப் பெறலாம். வழக்கு அழைக்கப்படும்வரை கணவரும் அவருடைய ஆட்களும் அதே தாழ்வாரத்தில் நிற்பார்கள். அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் உட்காருங்கள். மாமியார் அழுதுகொண்டு வந்து கையைப் பிடிப்பதும், “கேஸை எடு, வீட்டுக்குப் போய்ப் பேசுவம்” என்பதும் அந்தத் தாழ்வாரத்தில்தான் நடக்கும். அவர் கேட்க விரும்பினால் கேட்கட்டும். விரும்பாவிட்டால் “பிறகு பேசலாம்” என்று சொல்லும் ஆள் நீங்கள்.

பிள்ளைகளுக்கான செலவு தனி வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முஸ்லிம் திருமணம் என்றால் காதி நீதிமன்றம்.

தங்க இடம், பேச ஆள்

பாதுகாப்பு இல்லங்களின் முகவரி வெளியில் சொல்லப்படாது. 1938, பொலிஸ், நட்பு நிலையம், விமன் இன் நீட் ஆகியவற்றில் ஒன்றின் வழியாகத்தான் போகலாம். போகமுன் கேட்கவேண்டியவை: எத்தனை நாள் தங்கலாம், வளர்ந்த ஆண் பிள்ளையையும் கூட்டிவரலாமா, போன் வைத்திருக்கலாமா, வேலைக்குப் போய்வரலாமா, தமிழ் பேசும் ஆள் உண்டா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஒரு மாதம் முழுக்க யாருடனும் பேச முடியாத இடத்தில் இருந்தால் அவர் அடித்த வீட்டையே நினைத்து ஏங்கத் தொடங்குவார்.

பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. உளவளத்துணை என்றால் புத்திமதி என்று நினைத்துப் பலர் போவதில்லை. நல்ல உளவளத்துணையாளர் முடிவு சொல்லமாட்டார். “அனுசரிச்சுப் போங்க” என்று யாராவது சொன்னால் ஆளை மாற்றிக் கேளுங்கள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக வைத்துப் பேசும் அமர்வு, அடி நடந்துகொண்டிருக்கும் காலத்தில் வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். உறக்கமில்லை, சாப்பாடில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் 1926க்குச் சொல்லித் தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

இன்றே வெளியேறத் தயாரில்லை என்றால்

அதுவும் அவருடைய முடிவு. கோபப்படாமல் ஒரு பையைத் தயார் செய்ய உதவுங்கள்; பை உங்கள் வீட்டில் இருக்கட்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, வழமையாக எடுக்கும் மருந்து, வீட்டுத் திறப்பின் ஒரு பிரதி, கொஞ்சம் காசு, நகை, இரண்டு சோடி உடுப்பு, பிள்ளைக்குப் பிடித்த ஒரு விளையாட்டுப் பொருள். மூலப் பத்திரங்களை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் இப்போதைக்குப் பிரதி எடுங்கள்.

போனைச் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட வேறு கருவி உண்டா, கூகுளில் இருப்பிடம் பகிரப்படுகிறதா, மின்னஞ்சலின் கடவுச்சொல் கணவருக்குத் தெரியுமா. சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். கணவரின் பெயரில் என்றால் அவர் அதை நிறுத்தலாம், மாற்று சிம்மும் எடுக்கலாம். வங்கிக் குறுந்தகவல்கள் அவர் கைக்குப் போகும். புதிய சிம் அந்தப் பெண்ணின் பெயரில் எடுத்து, பழையதை உடனே நிறுத்தாமல் வைத்திருப்பது நல்லது. திடீரென்று எல்லாவற்றையும் மாற்றினால் சந்தேகம் வரும்.

ஒரு குறிச்சொல்லைப் பேசி வையுங்கள். “தேங்காய்ப் பூ இருக்கா” என்று செய்தி வந்தால் நீங்கள் 119க்கு எடுக்கவேண்டும். சண்டை தொடங்கினால் குசினிக்கும் குளியலறைக்கும் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றில் கத்தி இருக்கிறது, மற்றதில் வெளியே போக வழியில்லை. பிள்ளைக்குச் சண்டையில் குறுக்கே விழவேண்டாம், பக்கத்து வீட்டுக்கு ஓடு என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கட்டளை கிடைத்த பிறகு

பிரதிகள் எடுங்கள்: கைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று, வேலைத்தலத்துப் பாதுகாவலரிடம் ஒன்று, தடை பள்ளிக்கூடத்துக்கும் உண்டு என்றால் அதிபரிடம் ஒன்று. அவர் இப்போது வசிக்கும் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று நேரில் போய்க் கேளுங்கள். மீறல் சின்னதாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் பதியுங்கள். பத்துத் தவறிய அழைப்பு, வாசலில் நின்ற ஐந்து நிமிடம் எல்லாம் சேரும். மீறுவதை அந்தப் பெண்ணே அனுமதித்து, வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசினால் பிறகு கட்டளையின் வலு குறையும் என்பதையும் நேரே சொல்லுங்கள்.

வல்லுறவு வழக்கு என்றால் காலம் நீளும். நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்த பிறகு மேல் நீதிமன்றம் போகும். வருடக்கணக்கு. அந்த இடைவெளியில் மிரட்டல் வந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றத்துக்கு ஆளானவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் தேசிய அதிகாரசபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கொப்பியில் வழக்கு இலக்கம், ஒவ்வொரு தவணைத் திகதி, அன்று நடந்தது, அடுத்த தவணை, பொறுப்பான உத்தியோகத்தரின் பெயர் என்று எழுதி வாருங்கள். உத்தியோகத்தர்கள் மாற்றலாகிப் போவார்கள், கொப்பி இருக்கும்.

பாதுகாப்புக் கட்டளை முடியும் திகதியை உங்கள் போனில் ஆறு கிழமைக்கு முன்னரே நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். நீடிக்க வேண்டுமானால் அந்த ஆறு கிழமைக்குள் சட்டத்தரணியைப் பார்க்கவேண்டும்.